காணப்படாமல் காண முடியுமா?

காலப் பயணம் என்றாலே உடனே எழும் கேள்வி தாத்தாவைப் பற்றியது. ஒருவன் கடந்த காலத்துக்குப் போய், தன் தாத்தாவை அவருக்குக் கல்யாணம் ஆகும் முன்பே கொன்றுவிட்டால், அவன் பிறந்தது எப்படி? பிரெஞ்சு எழுத்தாளர் ரெனே பர்ஜாவெல் 1940களில் எழுதிய நாவல் முதல் இன்றைய திரைப்படங்கள் வரை இந்தப் புதிரைப் பலரும் பலவிதமாக அவிழ்த்துப் பார்த்துவிட்டார்கள். ஆனால் கொல்வதற்கு முன் அவன் அங்கே இருக்க வேண்டும். அவன் காலடி மண்ணில் பதிய வேண்டும். குரல் பிறர் காதில் விழ வேண்டும். எதிரே வருபவர் அவனைக் கண்டு ஒதுங்க வேண்டும். இது எதுவுமே நடக்காவிட்டால்? வேறொரு காலத்துக்குப் போன ஒருவன் அங்கே யார் கண்ணுக்கும் தெரியாமல், யார் காதுக்கும் கேட்காமல் நின்றால், அவன் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டான் என்று சொல்ல முடியுமா?

சுமார் 180 ஆண்டுகளாகக் கதாசிரியர்கள் இதற்குப் பதில் சொல்லி வந்திருக்கிறார்கள். இயற்பியலும் தன் பங்குக்குச் சில விதிகளைத் தந்திருக்கிறது. அந்தப் பதில்களை வரிசைப்படுத்தி எடைபோடுவதே இந்தக் கட்டுரையின் வேலை. பிறர் கண்ணில் படாமல் எல்லாவற்றையும் பார்க்கும் நிலையைப் பெரிய வரமாக நாம் எண்ணுகிறோம். பதில்களைச் சேர்த்துப் படித்தால், அது வரம் அல்ல, இன்னும் வந்து சேராத நிலை என்பது விளங்கும்.

நிழல்களின் நடுவே

முதல் பதில் சார்லஸ் டிக்கன்ஸுடையது. 1843 டிசம்பரில் வெளியான 'எ கிறிஸ்துமஸ் கரோல்' கதையில் எந்திரம் ஏதும் இல்லை. ஆவிகள்தான் ஸ்க்ரூஜ் என்ற கருமியைக் காலத்தின் ஊடே அழைத்துப் போகின்றன. ஆனாலும் காலப் பயணத்தின் அடிப்படை விதி ஒன்று அங்கேயே வகுக்கப்பட்டுவிட்டது. ஸ்க்ரூஜ் தன் பழைய பள்ளிக்கூடத்தில், விடுமுறைக்கும் வீட்டுக்குப் போகாமல் தனியே உட்கார்ந்திருக்கும் சிறுவனைப் பார்க்கிறான். அந்தச் சிறுவன் அவனேதான். எவ்வளவு அருகில் நின்றாலும் அவனைத் தேற்ற முடியாது. காண்பவை எல்லாம் நடந்து முடிந்தவற்றின் நிழல்கள். நிழல்களுக்கு இவனைத் தெரியாது.

எதிர்காலத்திலும் இதே கதிதான். பெயர் சொல்லப்படாத ஒருவர் செத்துக் கிடக்கிறார். அவருடைய கட்டில் திரைச்சீலையையும் கம்பளியையும், பிணத்துக்கு அணிவித்திருந்த நல்ல சட்டையையும்கூட உருவி எடுத்துவந்து பழைய சாமான் கடையில் பேரம் பேசுகிறார்கள். பார்த்துக்கொண்டு நிற்கும் ஸ்க்ரூஜுக்கு, செத்தவன் தானேதான் என்பது கல்லறையில் பெயரைப் படித்த பிறகே உறைக்கிறது. அங்கே அவன் கேட்கும் கேள்வி முக்கியமானது: இவை நடந்தே தீருபவையா, நடக்கக்கூடியவை மட்டும்தானா? பார்வையாளனாக மட்டும் இருந்தவன், செயல்பட விரும்பும் கணத்தில் கேட்கும் கேள்வி இது. மறுநாள் காலை அவன் தன் உடலோடு, தன் தெருவில், பிறர் கண்ணுக்குத் தெரியும் மனிதனாக விழித்தெழுந்த பிறகுதான் பதில் கிடைக்கிறது.

கருவியின் கண்

இருபதாம் நூற்றாண்டில் ஆவியின் இடத்தைக் கருவி பிடித்தது. ஐசக் அசிமோவ் 1956இல் எழுதிய 'தி டெட் பாஸ்ட்' கதையில் கடந்த காலத்தைப் பார்க்கும் 'குரோனோஸ்கோப்' என்ற கருவி வருகிறது. அது அரசாங்கத்தின் கையில் இருக்கிறது. பண்டைய கார்த்தேஜ் நகரை ஆராயும் ஒரு வரலாற்றுப் பேராசிரியர் அதைப் பயன்படுத்த அனுமதி கேட்டு ஆண்டுக்கணக்கில் நடையாய் நடக்கிறார், கிடைக்கவில்லை. இளம் இயற்பியலாளர் ஒருவரின் உதவியோடு அவர் சட்டத்தை மீறிக் கருவியைச் செய்யப் புறப்படுகிறார். பேராசிரியரின் மனைவிக்குக் கார்த்தேஜ் தேவையில்லை. தீ விபத்தில் இறந்துபோன தன் சின்ன மகளை மறுபடி பார்க்கலாமே என்பதுதான் அவள் தவிப்பு.

உண்மை கடைசியில் வெளிவருகிறது. கருவியால் மிகப் பழைய காலத்தைப் பார்க்கவே முடியாது. ஆனால் ஒரு நூற்றாண்டுக்கு முந்தையதைப் பார்க்க முடிந்தால், ஒரு நொடிக்கு முந்தையதையும் பார்க்கலாம். ஒரு நொடிக்கு முந்தைய கடந்த காலம் என்பது பக்கத்து வீட்டின் படுக்கையறை. கருவியின் வரைபடம் வெளியே போய்விட, உலகில் இனி யாருக்கும் தனிமை இல்லை என்ற நிலையில் கதை முடிகிறது. மறைந்திருந்து பார்க்கும் ஆசையின் அரசியல் முகத்தை இவ்வளவு முன்கூட்டிக் காட்டிய கதைகள் குறைவு. டிக்கன்ஸின் பார்வையாளன் தன்னையே பார்த்துத் திருந்தினான். அசிமோவின் பார்வையாளன் பிறரைப் பார்க்கிறான்; பார்க்கப்படுகிறவருக்கு அது தெரியாது, திருப்பிப் பார்க்கவும் வழியில்லை. ஒருவழிப் பார்வை அதிகாரமாகும் இடம் இதுதான்.

உடலோடு போனவர்கள்

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஹெச். ஜி. வெல்ஸ் இருக்கிறார். 1895இல் வந்த 'தி டைம் மெஷின்' நாவலில், கால எந்திரம் ஓடும்போது ஏன் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதற்கு விளக்கம் உண்டு: வேகமாகச் சுழலும் சக்கரத்தின் ஆரக்கால்களும் பறக்கும் தோட்டாவும் தெரியாதது போலத்தான் அது. அதாவது, வழியில் இருக்கும் வரைதான் மறைவு. எந்திரம் நின்றதும் பயணி முழு உடலோடு நிற்கிறான். 8,02,701ஆம் ஆண்டில் அவனுக்குப் பசிக்கிறது, பயமாக இருக்கிறது, கால் வலிக்கிறது.

வெல்ஸின் பயணி ஓர் அருங்காட்சியகத்துக்குள் போகிறான். பச்சைப் பீங்கான் மாளிகை என்று அவன் அழைக்கும் அந்தக் கட்டடம் பாழடைந்து கிடக்கிறது; புத்தகங்கள் மக்கிப்போய்விட்டன. அவன் அங்கே பார்வையாளனாக நின்றுவிடவில்லை. ஒரு பெட்டியில் கெடாமல் இருந்த தீப்பெட்டியையும் ஜாடியில் இருந்த கற்பூரத்தையும் எடுத்துக்கொள்கிறான். ஓர் எந்திரத்தின் நெம்புகோலை ஒடித்து ஆயுதமாக்குகிறான். காட்சிக்கு வைத்த பொருள், தொட ஒரு கை வந்ததும் மறுபடி கருவியாகிவிடுகிறது.

உடலோடு போனால் விளைவும் கூடவே வரும் என்பதை ரே பிராட்பரி 1952இல் 'எ சவுண்ட் ஆஃப் தண்டர்' சிறுகதையில் எழுதினார். டைனோசர் வேட்டைக்குப் பணம் வாங்கி ஆள் கூட்டிப்போகும் நிறுவனம் எடுக்கும் முன்னெச்சரிக்கைகள் ஏராளம். தரையில் கால் படக் கூடாது என்று மிதக்கும் உலோகப் பாதை. எப்படியும் சில நிமிடங்களில் மரம் விழுந்து சாகப்போகிற விலங்கைத்தான் சுட வேண்டும் என்று முன்பே அடையாளமிட்ட சிவப்புச் சாயம். சுவடே படாமல் போய்வரத் திட்டமிட்டு எழுப்பிய இந்த ஏற்பாடு முழுவதும், பாதையை விட்டு இறங்கிய ஒருவனின் காலணியில் ஒட்டிய ஒரு பட்டாம்பூச்சியால் குலைந்துபோகிறது.

ஆக்டேவியா பட்லரின் 'கிண்ட்ரெட்' (1979) இந்த வரிசையில் மிகவும் கடுமையானது. 1976இன் கலிஃபோர்னியாவில் வாழும் டேனா என்ற கறுப்பினப் பெண், அடிமை முறை நிலவிய மேரிலாண்டுக்குத் திரும்பத் திரும்ப இழுக்கப்படுகிறாள். அங்கே அவள் பார்வையாளராக ஒதுங்கி நிற்க முடியாது. அவளுடைய தோலைப் பார்த்த கணமே அந்தக் காலம் அவளுக்கு ஓர் இடத்தை ஒதுக்கிவிடுகிறது. சாட்டையடியும் அந்த இடத்தோடு வருகிறது. கடைசிப் பயணத்தில் அவள் ஒரு கையை இழந்து வீடு திரும்புகிறாள். எந்தக் காலத்துக்கும் போய் வேடிக்கை பார்க்கலாம் என்ற கனவு எல்லோருக்கும் சமமாக வாய்ப்பதில்லை. சிலருடைய உடலை அந்தந்தக் காலம் உடனே கவனிக்கும். இந்த உண்மையைப் பட்லர் அளவுக்கு யாரும் அழுத்திச் சொன்னதில்லை.

ஸீரோஸ் கோளின் அருங்காட்சியகம்

இரண்டு பதில்களுக்கும் நடுவில் ஒரு விசித்திரமான பதில் உண்டு. பிபிசியின் 'டாக்டர் ஹூ' தொடரில் 1965 ஏப்ரல் 24 முதல் மே 15 வரை நான்கு பகுதிகளாக ஒளிபரப்பான 'தி ஸ்பேஸ் மியூசியம்' கதை அது. தென்னாப்பிரிக்காவில் பிறந்த க்ளின் ஜோன்ஸ் எழுதியது. இயக்கம் மெர்வின் பின்ஃபீல்ட். வில்லியம் ஹார்ட்னெல் நடித்த டாக்டரும், இயன், பார்பரா, விக்கி ஆகிய மூவரும் டார்டிஸ் என்ற கால எந்திரத்தில் ஸீரோஸ் என்ற கோளில் இறங்குகிறார்கள்.

இறங்குவதற்கு முன்பே குறிகள் தென்படுகின்றன. விக்கியின் கையிலிருந்து தண்ணீர்க் கோப்பை விழுந்து நொறுங்குகிறது. மறுகணம் சில்லுகள் கூடி, தண்ணீரும் உள்ளே சேர்ந்து, கோப்பை அவள் கைக்கே திரும்பிவிடுகிறது. வெளியே வந்தால் தரையெங்கும் தூசி. நடந்துபோன நால்வரின் காலடித் தடம் ஒன்றுகூட இல்லை. காவலர்கள் எதிரே வரும்போது விக்கி தும்முகிறாள். அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே இளைஞர்கள் சிலர் பேசிக்கொள்வது தெரிகிறது. உதடுகள் அசைகின்றன, ஒலி வரவில்லை. காட்சிப் பொருளைத் தொடப் போனால் கை அதற்குள் புகுந்து வெளியே வருகிறது. கடைசியாக ஒரு கூடத்தில் நான்கு கண்ணாடிப் பெட்டிகள். அவற்றுக்குள் அசைவற்று நிற்பவர்கள் அவர்களேதான்.

டாக்டர் தரும் விளக்கம் இது: அவர்கள் காலத்தின் தடம் மாறி, தாங்கள் வந்து சேர்வதற்கு முன்பே அங்கே நிற்கிறார்கள். அதனால்தான் யாருக்கும் தெரியவில்லை. காலம் அவர்களை எட்டிப்பிடிக்கும் வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. அந்தக் கணம் வருகிறது. பெட்டிகளில் இருந்த உருவங்கள் மறைகின்றன, டார்டிஸுக்குள் கோப்பை உடைகிறது, வெளியே தூசியில் காலடித் தடங்கள் ஒவ்வொன்றாகத் தோன்றுகின்றன. அந்தக் கோளை ஆளும் மொராக்குகளின் கண்ணில் அவை படுகின்றன. இப்போதுதான் அவர்கள் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

இந்தக் கதையின் முதல் பகுதியைப் பாராட்டி, மற்ற மூன்றையும் வழக்கமான துரத்தலும் புரட்சியும் என்று ஒதுக்குவது விமர்சகர்களின் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. முதல் பகுதியின் பொருள் மற்ற மூன்றில்தான் நிறைவேறுகிறது. மறைந்திருந்தபோது அவர்களுக்கு ஆபத்து ஏதும் இல்லை. ஆனால் தங்களை அந்தப் பெட்டிகளிலிருந்து காப்பாற்றிக்கொள்ளும் வழியும் இல்லை. கண்ணில் பட்ட பிறகு துரத்தப்படுகிறார்கள், பிடிபடுகிறார்கள். அதே வேளையில் எதையாவது செய்யும் சக்தியும் வந்துவிடுகிறது. எந்த வழியில் போனாலும் அது பெட்டிக்கே கொண்டுபோய் விடுமோ என்று நால்வரும் நீண்ட நேரம் வாதாடுகிறார்கள். அது ஸ்க்ரூஜ் கல்லறை முன் கேட்ட அதே கேள்வி.

இயற்பியல் வைக்கும் சோதனை

இப்படி ஒரு நிலை அறிவியல்படி சாத்தியமா? நேராகச் சொன்னால், இல்லை. பார்ப்பது என்றால் ஒளி விழித்திரையில் விழுந்து உறிஞ்சப்பட வேண்டும். ஒளி ஊடுருவிப் போய்விடும் கண்ணால் எதையும் பார்க்க முடியாது. வெல்ஸின் 'தி இன்விசிபிள் மேன்' நாவலைப் பற்றி ரஷ்ய அறிவியல் எழுத்தாளர் யாக்கோவ் பெரெல்மான் எழுப்பிய ஆட்சேபம் இதுவே: முழுக்க மறைந்த மனிதன் முழுக் குருடனாக இருப்பான். கேட்பதற்கும் காற்று செவிப்பறையைத் தள்ள வேண்டும். நிற்பதற்குத் தரை எடையைத் தாங்க வேண்டும். ஸீரோஸில் கை பொருளுக்குள் புகுந்துவிடுகிறது, ஆனால் பாதம் தரைக்குள் இறங்கவில்லை. கதை இதற்குக் கணக்குச் சொல்லவில்லை.

கோப்பை விஷயத்தில் மட்டும் கதை ஆழமான ஒன்றைத் தொட்டுவிடுகிறது. நியூட்டனின் விதிகளில் காலத்துக்குத் திசை கிடையாது. உடைந்த கண்ணாடி தானாக ஒட்டாது என்று சொல்வது வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி. முன்னும் பின்னும் எது என்று நமக்குக் காட்டுவதே அந்த விதிதான். காலடித் தடமும் அதே இனத்தைச் சேர்ந்தது. நடந்ததற்குச் சான்று விடுவதே காலத்தில் இருப்பதன் அடையாளம் என்பதை ஒரு கோப்பையையும் கொஞ்சம் தூசியையும் வைத்து இந்தக் கதை காட்டிவிட்டது.

கடந்த காலத்துக்குப் போகும் வழிகளைச் சமன்பாடுகள் முழுவதும் அடைத்துவிடவில்லை. சுழலும் பிரபஞ்சம் ஒன்றில் அப்படிப்பட்ட பாதைகள் இருக்க முடியும் என்று குர்ட் கோடல் 1949இல் ஐன்ஸ்டீனின் சமன்பாடுகளிலிருந்தே காட்டினார். அப்படிப் போனாலும் முரணற்ற நிகழ்வுகள் மட்டுமே நடக்கும் என்று ரஷ்ய இயற்பியலாளர் இகோர் நோவிகோவ் வாதிட்டார். இயற்கை அந்தப் பாதைகளையே உருவாகவிடாது என்று ஸ்டீபன் ஹாக்கிங் 1992இல் ஊகித்தார். 2009 ஜூன் 28 அன்று காலப் பயணிகளுக்கென்று அவர் ஒரு விருந்து வைத்தார். அழைப்பிதழை விருந்து முடிந்த பிறகே வெளியிட்டார். யாரும் வரவில்லை. ஸீரோஸ் பயணிகளைப் போல மறைந்து வந்திருப்பார்கள் என்று சமாதானம் சொல்லவும் இடமில்லை. ஹாக்கிங்கைப் பார்க்க வேண்டுமானால் அந்த அறையின் ஒளியில் ஒரு பங்கை அவர்கள் எடுத்துக்கொண்டாக வேண்டும். அந்த அளவுக்காவது அந்த அறை மாறியிருக்கும்.

ஆனால் பிறர் கண்ணில் படாமல் கடந்த காலத்தைப் பார்க்கும் ஒரு வழியை இயற்கையே நமக்குத் தந்திருக்கிறது: வானம். ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலம் சுமார் 25 லட்சம் ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. இன்றிரவு நாம் காண்பது 25 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய அதன் கோலம். அங்கே யாராவது இருந்து நம்மைப் பார்த்தாலும், அவர்களுக்கு நம் நாகரிகம் எதுவும் தென்படாது. இந்தப் பார்வைக்குச் சார்பியல் கொள்கை ஒரு கண்டிப்பான நிபந்தனை வைக்கிறது. நான் பார்க்க முடிந்தவை எல்லாம் என் கடந்த காலத்தில் இருக்கின்றன. நான் மாற்ற முடிந்தவை எல்லாம் என் எதிர்காலத்தில் இருக்கின்றன. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுவதே இல்லை. தலையிட முடியாத இடத்தைத்தான் பாதுகாப்பாகப் பார்க்க முடியும். டிக்கன்ஸ் நிழல் என்று சொன்னதை இயற்பியல் தன் மொழியில் இப்படிச் சொல்கிறது.

பெட்டிக்குள் இருப்பவர்

ஸீரோஸ் கதை ஏன் ஓர் அருங்காட்சியகத்தில் நடக்கிறது? காரணம் இருக்கிறது. காண்பவர் காணப்படாத இடம், காணப்படுபவர் திருப்பிக் காண முடியாத இடம் அதுதான். மொராக்குகள் ஸீரோஸைப் படையெடுத்துப் பிடித்தவர்கள். பெரியவர்களைக் கொன்றுவிட்டு, குழந்தைகளை மட்டும் வேலைக்காக விட்டுவைத்தவர்கள். கோள் முழுவதையும் தங்கள் பேரரசின் வெற்றிச் சின்னமாக்கியிருக்கிறார்கள். இப்போது பேரரசு தளர்ந்துவிட்டது. பார்க்க ஆள் வருவதில்லை. ஆளுநர் லோபோஸ் எப்போது ஊர் திரும்புவோம் என்று சலித்துக் கிடக்கிறார். அந்தக் கோளின் பிள்ளைகளான ஸீரான்கள் மொராக்குகளின் கண் முன்னாலேயே திரிந்தாலும் பொருட்படுத்தப்படாதவர்கள்.

கர்ட் வானகட் 1969இல் எழுதிய 'ஸ்லாட்டர்ஹவுஸ் ஃபைவ்' நாவலில், காலத்தில் பிடிப்பிழந்து அலையும் பில்லி பில்கிரிமை வேற்றுக்கோள்வாசிகள் தங்கள் மிருகக்காட்சிசாலையில் வைத்து வேடிக்கை பார்க்கிறார்கள். காலம் முழுவதையும் ஒரே பார்வையில் காண்பவர்கள் அவர்கள். அதனாலேயே எதையும் மாற்ற வேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்கு இல்லை.

இவை வெறும் கற்பனை என்று விட்டுவிட முடியாது. 1897இல் ராபர்ட் பியரி கிரீன்லாந்திலிருந்து ஆறு இனூயிட் மக்களை நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவந்தார். அவர்களில் மினிக் என்ற சிறுவனும் அவன் தந்தை கிசுக்கும் இருந்தார்கள். கிசுக் 1898இல் நோயால் இறந்தார். சிறுவனை நம்பவைக்க ஒரு போலி அடக்கச் சடங்கு நடத்திவிட்டு, எலும்புகளை அருங்காட்சியகம் வைத்துக்கொண்டது. பல ஆண்டுகள் கழித்து உண்மை தெரிந்ததும் மினிக் தந்தையின் எலும்புகளைத் திருப்பிக் கேட்டான், கொடுக்கவில்லை. அவன் 1918இல் இறந்தான். எலும்புகள் ஊர் திரும்பியது 1993இல்தான். தென்னாப்பிரிக்காவின் சாரா பார்ட்மன் 1815இல் பாரிசில் இறந்த பிறகு, அவர் உடலின் பாகங்கள் 1970கள் வரை அங்கே காட்சிக்கு இருந்தன. 2002இல்தான் தாய்மண்ணில் அடக்கம் செய்யப்பட்டன. தன் இனத்தாரையே காட்சிப்பொருளாகக் காண நேர்வதன் கொடுமையை அறிய நமக்கு வேற்றுக்கோள் தேவைப்படவில்லை.

ஸீரோஸ் கதையில் முடிச்சை அவிழ்ப்பது விக்கி. ஆயுதக் கிடங்கின் பூட்டு, வருபவரிடம் கேள்விகள் கேட்டு, சரியான பதில் வந்தால் மட்டுமே திறக்கும். அவள் அதன் உட்கம்பிகளை மாற்றியமைக்கிறாள்: உண்மையைச் சொன்னால் போதும், திறந்துவிடும். ஆயுதம் எதற்கு என்று பூட்டு கேட்கிறது. புரட்சிக்கு என்கிறாள், கதவு திறக்கிறது. ஸீரான்கள் வெல்கிறார்கள். அந்த அருங்காட்சியகத்தையும் கலைக்கிறார்கள். டாக்டர் அங்கிருந்து ஒரே ஒரு கருவியைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார். கடந்த கால நிகழ்ச்சி எதையும் திரையில் காட்டும் கருவி. அடுத்த கதையில் நால்வரும் அதில் ஆபிரகாம் லிங்கனின் கெட்டிஸ்பர்க் உரையையும் பீட்டில்ஸ் குழுவின் பாட்டையும் ரசிக்கிறார்கள். பிறகு அதே திரையில், தங்களைக் கொல்ல டாலெக்குகள் என்ற எதிரிகள் புறப்படுவதைப் பார்க்கிறார்கள். வேடிக்கை அங்கேயே முடிந்துவிடுகிறது.

தொகுத்துப் பார்த்தால்

கிறிஸ்டோஃபர் நோலனின் 'இன்டர்ஸ்டெல்லர்' (2014) படத்தை நம்மில் பலரும் பார்த்திருப்போம். கூப்பர் தன் மகளின் புத்தக அலமாரிக்குப் பின்னால், வேறொரு பரிமாணத்தில் சிக்கிக் கதறுகிறான், அவளுக்குக் கேட்பதில்லை. ஈர்ப்பு விசை ஒன்றுதான் இரு பக்கமும் கடக்கிறது. அதைக்கொண்டு புத்தகங்களைத் தள்ளுகிறான், கைக்கடிகாரத்தின் நொடிமுள்ளை அசைக்கிறான். தந்தையாக அவன் அங்கே இருக்கிறான் என்பதற்கு அந்த முள்ளின் அசைவு மட்டுமே ஆதாரம்.

டிக்கன்ஸ் முதல் நோலன் வரை எல்லாப் பதில்களும் ஒரே திசையைச் சுட்டுகின்றன. காணப்படாத பயணிக்கு ஆபத்து இல்லை, பொறுப்பும் இல்லை, அதனாலேயே பயனும் இல்லை. ஸ்க்ரூஜ் விழித்தெழ வேண்டியிருந்தது. அசிமோவின் மறைந்த கண்கள் உலகத்தின் தனிமையைப் பறித்தன. டேனா உடலால் விலை கொடுத்தாள், ஆனால் அந்தக் காலத்தின் உண்மையை அறிந்தவளும் அவள்தான்.

இது காலப் பயணிகளுக்கு மட்டும் உரிய பாடம் அல்ல. இன்று நம் ஒவ்வொருவர் கையிலும் ஒரு திரை இருக்கிறது. அதன் வழியே போர்களையும் பஞ்சங்களையும், முன்பின் தெரியாதவர்களின் துயரங்களையும் அவர்கள் நம்மைக் காணாத நிலையில் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். வரலாற்றைப் படிப்பதும் அருங்காட்சியகத்தில் நடப்பதும்கூட அதே வகைப் பார்வைதான். அதில் தவறில்லை, அறிவு அப்படித்தான் தொடங்குகிறது. ஆனால் அங்கேயே நின்றுவிடுகிறவர் எங்கும் போய்ச் சேர்ந்தவர் ஆகமாட்டார். பார்த்ததற்குப் பதில் சொல்ல முன்வந்து, தன் முகத்தையும் பெயரையும் பிறர் பார்வைக்குக் கொடுக்கும்போதுதான் ஒருவர் தன் காலத்துக்குள் வருகிறார். எலும்புகளைத் திருப்பிக் கேட்ட மினிக் அதைச் செய்தான். அவன் கேட்டது அவன் வாழ்நாளில் கிடைக்கவில்லை. ஆனாலும் அந்தக் குரல் பதிவாகியிருந்ததால்தான் அவன் இறந்து எழுபத்தைந்து ஆண்டுகள் கழித்தாவது அதற்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் வந்தது.